தலைவர் போட்ட கோடு

— கிட்ட வராதே மேரி! அங்கயே நில்லு... சேறு வழுக்கும்.

— இருபத்திரெண்டு வருஷமா இந்த உப்பளத்துல பாத்தி மிதிக்கிறேன் தலைவரே. இன்னிக்குத்தான் சேறு வழுக்குதுன்னு சொல்றீங்க.

— அது இல்லம்மா... சங்கத்து மீட்டிங் பத்து மணிக்குத்தானே? ஏழு மணிக்கே உனக்கு இங்க என்னா வேலை?

— உமரிக்கீரை அறுக்க வந்தேன்.

— கீரையா? மதகுக்கிட்டயா?

— ஆமா. அதான் கத்தி கொண்டாந்திருக்கேன். சங்கத் தலைவர் ராஜாங்கத்துக்கு இங்க என்னா வேலை? முட்டிக்கால் தண்ணியில நிக்கிறீங்க.

— கம்பத்தைப் பார்க்க வந்தேன். தைப் பௌர்ணமி இல்ல? ஊரே வந்து பார்க்கப் போவுது. என் கோடு...

— பளபளன்னு இருக்குதே, கோடு!

— இருக்காதா பின்னே? பனங்கட்டையை நட்டு, என் கையால போட்ட செவப்புக் கோடு. ஒம்போது வருஷம் மேரி! தைப் பௌர்ணமிக்கு ஓடையில ஏறி வர்ற கடல் தண்ணி, அந்தக் கோட்டைத் தொட்டுட்டு அப்படியே திரும்பிப் போவுது. ஒரு விரக்கடை தாண்டினதில்ல.

— ம்... பேப்பர்லகூட ஃபோட்டோ போட்டாங்க.

— 'கடலுக்குக் கோடு போட்டவர்'னு! சென்னையிலருந்து காலேஜ் பசங்க வந்தாங்களே, பொட்டி பொட்டியா மிஷினைத் தூக்கிக்கினு... உலகம் சூடாவுது, கடல் ஏறுதுன்னு. நான் என்னா சொன்னேன்?

— 'உன் பொட்டியை மூடு, என் கோட்டைப் பாரு'ன்னு சொன்னீங்க. வாரத்துக்கு ஒருக்கா எங்ககிட்டயும் சொல்றீங்க.

— சொல்லுவேன். சாவுற வரைக்கும் சொல்லுவேன்.

— சொல்லுங்க... வேட்டியில என்னா செவப்பு?

— எங்க?... அது... வெத்தலை.

— நீங்க எப்போ வெத்தலை போட ஆரம்பிச்சீங்க?

— பொங்கலுக்கு.

— சரி.

— என்னா 'சரி'? மேரி, நீ மனசுல என்னா வெச்சிக்கினு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். வெளிக்கரையை ரெண்டு அடி ஒசத்தணும். அதுக்கு மீட்டிங்ல எழுந்து நிக்கப் போற. அதானே?

— நிப்பேன்.

— ஏறாத கடலுக்கு எதுக்கும்மா ரெண்டு அடி கரை?

— ஏறாத கடலா? ஃபெஞ்சல் வந்தப்போ இங்க என்னா ஆச்சு?

— அது புயல். புயல்னா தண்ணி உள்ள வரும். கடல் ஏறுறது வேற.

— வேறதான். ஆனா கடல் ஏற்கெனவே ஒரு படி ஏறி நின்னுக்கினு இருக்கறப்போ புயல் வந்தா? உள்ள வர்றதுக்கு அதுக்கு ஒரே எட்டு. பதினோரு நாள் நாங்க பொம்பளைங்க தலையில சேறு சொமந்தோம் தலைவரே. கழுத்து இன்னும் திரும்பல.

— சொமக்கலைன்னு சொன்னேனா? அந்தக் கரையைப் பதினோரு நாள்ல வேற எவனாவது கட்டுவானா? மரக்காணத்துப் பொம்பளைங்க கட்டினாங்க! பாண்டிச்சேரி வரைக்கும் போய் நான்தான் சொன்னேன்.

— பாண்டிச்சேரியில சொன்னதெல்லாம் இருக்கட்டும். போன ஐப்பசியில, வெறும் அமாவாசைக்கு, ஒரு தூறல்கூட இல்ல... தெக்குப் பாத்திக்குள்ள தண்ணி வந்து நின்னுச்சே. அதுக்கு என்னா சொல்றீங்க?

— நண்டு வளை போட்டிருக்கும்.

— நண்டா!

— இல்லேன்னா கரை இறங்கியிருக்கும். சேத்து பூமி இது. கட்டுன வீடே இறங்குது. கடல் ஏறல மேரி, நம்ம மண்ணு இறங்குது.

— அப்படியே வெச்சிக்குவோம். மண்ணு இறங்கினா என்னா, கடல் ஏறினா என்னா, தண்ணி உப்புக்குள்ள வருதா இல்லையா?

— அது...

— இருங்க, இன்னொண்ணு. கரை இறங்குதுன்னா, உங்க கம்பமும் அதே சேத்துலதானே நிக்குது? அதுவும் இறங்கணும்ல? அது இறங்கியிருந்தா தண்ணி கோட்டுக்கு மேல போயிருக்கணுமே?

— ஆழமா நட்டது.

— நவுருங்க. தொட்டுப் பார்க்கறேன்.

— தொடாதே!

— ஏன்?

— ஈரம்...

— ஈரமா? தண்ணி இன்னும் அவ்ளோ தூரம் ஏறவே இல்லியே. பெயிண்டு டப்பா எங்க? ஓடையில வீசிட்டீங்களா?

— கோணிக்குள்ள இருக்குது.

— ம்.

— மேரி... எப்போலருந்து தெரியும்?

— மொத வாட்டி மாத்திப் போட்டீங்களே, அன்னிலருந்து. அக்கரையில நண்டு புடிச்சிக்கினு இருந்தேன்.

— யார்கிட்ட சொன்ன?

— யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர் பெஞ்சமினுக்குக்கூடத் தெரியாது.

— ஏமாத்தணும்னு செய்யலம்மா. சத்தியமா இல்ல. மூணாவது வருஷம் பௌர்ணமிக்கு முன்னாடியே கோடு முழுவிப் போச்சு. கலியமூர்த்தி பசங்க ரெண்டு பேரும் அப்போதான் உப்பளத்தை வுட்டுட்டு கம்பெனி வேன்ல ஏறிப் போனானுங்க. கடல் ஏறுதுன்னு தலைவனே சொன்னா, இங்க எவன் பாத்தி மிதிக்க வருவான்? நாப்பத்திரெண்டு குடும்பம்! ஒரு விரக்கடைதானேன்னு மேல தள்ளிப் போட்டேன். அப்புறம் இன்னொரு விரக்கடை... இன்னிக்கோட அஞ்சு வாட்டி.

— தெரியும்.

— இந்த உப்போட வெள்ளை வேற எங்கயும் வராது மேரி. சித்திரை வெய்யில்ல கண்ணு கூசுமே... இது வெறும் சேறாப் போயிடுமோன்னு பயந்துட்டேன்.

— எனக்கும் அதே பயம்தான். அதான் வாயை மூடிக்கினு இருந்தேன். உங்க மானத்தைக் காப்பாத்தினேன்னு நெனச்சிக்காதீங்க, என் வேலையைக் காப்பாத்திக்கினேன். ஆனா ஃபெஞ்சலுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல தலைவரே. கரையை ஒசத்தலேன்னா அடுத்த புயலுக்கு உங்க கோடும் இருக்காது, கம்பமும் இருக்காது. பாத்தியெல்லாம் ஓடையாப் போயிடும்.

— அதுக்கு நான் ஊரு முன்னாடி பொய்யனா நிக்கணுமா? பேப்பர்ல ஃபோட்டோ வந்த ஆளு...

— ஃபோட்டோ கெடக்குது, வுடுங்க. கடல் ஏறலைன்னு சொல்றதுல நமக்கு என்னா பெருமை? அது நம்ம கையிலயா இருக்குது? ஒம்போது வருஷமா கடல் ஏறிக்கினேதான் வந்துச்சு. நாம ஒரு வருஷம் உப்பு வாராம இருந்ததுண்டா?

— இல்ல.

— ஃபெஞ்சல் வந்த வருஷம்?

— அந்த வருஷமும் வாரினோம்! மாசியிலயே வாரினோம்!

— அதைச் சொல்லுங்க. அது நம்மளுது. மைக்கைப் புடிச்சி நல்லா சத்தமா சொல்லுங்க... என்னா சிரிக்கிறீங்க?

— இல்ல... இந்த வாயை வெச்சிக்கினு நீ இருக்கறப்போ, என்னைப் போய் தலைவராக்கினானுங்களே.

— அடுத்த எலக்‌ஷன்ல பார்த்துக்கலாம்.

— பார்த்துக்கலாம்... சரி மேரி. நானே சொல்றேன். கோடு பொய்யி, கரையை ரெண்டு அடி ஒசத்தணும், மொதக் கூடை சேறு இந்த ராஜாங்கம் சொமப்பான். போதுமா?

— போதும்.

— ஆனா நம்புவானுங்களா? நம்ம சங்கத்து சிங்காரம் இருக்கானே... எழுந்து நின்னு, 'இத்தினி வருஷம் ஏறலைன்ன, இன்னிக்கு ஏறுதுன்ற. எவ்ளோ ஏறிச்சு, காட்டு'ன்னு கேப்பான். எதைக் காட்டறது?

— ம்...

— எப்பவும் பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னாடியே புதுக் கோடு போட்டுடுவேன். ஊரு வர்றதுக்குள்ள பழைய கோட்டை உப்பு தின்னுடும். எனக்கும் வசதியாப் போச்சுன்னு வுட்டுட்டேன். இந்த வாட்டி பேத்தி காதுகுத்துல நாள் போயிடுச்சு, இன்னிக்குத்தான் போட்டேன். இதோ, கீழ இருக்கற பழைய கோடு ஒண்ணுதான் மிச்சம். மத்த நாலும் இருந்தா கையை நீட்டிக் காட்டியிருப்பேன். எல்லாத்தையும் உப்பு தின்னுடுச்சே மேரி!

— ஏன் தலைவரே, பொறந்ததுலருந்து உப்புல கெடக்கறீங்க... நாலே நாள்ல உப்பு பெயிண்டைத் தின்னு எங்கயாவது பார்த்திருக்கீங்களா? சுரண்டுனது நான். இந்தக் கத்தி கீரைக்கு இல்ல. சுரண்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கோட்டு மட்டத்துக்கும் கம்பத்துக்குப் பின்பக்கம் ஒரு வெட்டு போட்டு வெச்சிருக்கேன், என்னிக்காவது நீங்களே கேப்பீங்கன்னு. கையை வுட்டுத் தடவிப் பாருங்க, நாலு இருக்கும். அஞ்சாவது வெட்டை ஊரு பார்க்க நீங்க போடுங்க... இந்தாங்க, புடிங்க கத்தியை.