வாலில்லா வித்து

சென்றாயன்: எட்டுக்கை அம்மன் மேல ஆணைங்க. நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யின்னா இந்தக் கை அழுகிப் போகட்டும்.

ஊர்க்கவுண்டர்: உரக்கச் சொல்லு. வாசல்ல நிக்கற ஆளுங்களுக்கும் கேக்கோணும்.

சென்றாயன்: என்ற பொண்டாட்டி பெருமாயி பெத்தது என்ற புள்ளதானுங்க!

ஊர்க்கவுண்டர்: கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம். ஒண்ணுங் காணோம். போன வருசம் மொளகு வாங்க மலையேறி ஒரு கீழ்நாட்டான் வந்து தங்குனான்... இப்பப் புள்ள. ஊரு என்ன நெனைக்கும்?

சென்றாயன்: ஏனுங்க, எளவு ஊட்டுல வந்து...

ஊர்க்கவுண்டர்: எளவுங்கறதாலதான் கேக்கறேன். கீழ்நாட்டான் புள்ளையின்னா, பெத்துப்போட்டுச் செத்தவளுக்கு நம்ம இடுகாட்டுல எடம் கெடையாது. அந்தப் பச்ச மண்ணையும் மலையில வெச்சுக்க முடியாது. தெரியுமில்ல?

சென்றாயன்: தெரியுமுங்க. எட்டு வருசம் முன்ன, துரை அனுப்பி ஒரு பூச்சி டாக்டரு வந்தாரே... அவரு பொட்டிய நாந்தான் சுமந்தேன்.

ஊர்க்கவுண்டர்: மருந்து குடுத்து ஊரு வயித்துப் புழுவையெல்லாம் எறக்குனாரே, அவரா?

சென்றாயன்: அவரேதானுங்க. ஒருக்கா பன்னி அறுத்தம். அது கொடல்ல கெடந்த ஆம்பளப் புழுவக் கீறி, அதோட வித்தப் பெருசாக் காட்டற கண்ணாடியில வெச்சுப் பாக்கச் சொன்னாரு.

ஊர்க்கவுண்டர்: புழுவுக்கு வித்தா?

சென்றாயன்: இருக்குதுங்க. மனுசன், மாடு, சேவல்... அதுக வித்துக்கெல்லாம் வாலு உண்டாம். ஆட்டிக்கிட்டே நீந்திப் போயிருமாம். புழு வித்துக்கு வாலு இல்ல. ஆதியில இருந்துருக்கோணும், எந்தக் காலத்துலயோ தொலைச்சுப்போட்டுதுன்னாரு.

ஊர்க்கவுண்டர்: அப்பறம் எப்படிப் போய்ச் சேரும்?

சென்றாயன்: ஆம்பளகிட்ட இருக்கறவரைக்கும் உருண்டையாச் சும்மா கெடக்கும். பொட்டப்புழுவுக்குள்ள போனதுக்கப்பறந்தான் ஒரு பக்கம் காலாட்டம் பிதுங்கும். அத ஊனி ஊனி ஊர்ந்து போகும்.

ஊர்க்கவுண்டர்: சரி... அதுக்கும் உனக்கும்?

சென்றாயன்: என்ற வித்தயும் பாத்தாருங்க. அதே உருண்டை! வாலே இல்லீங்க! "சென்றாயா, உனக்குப் புழு வித்து. போய்ச் சேரும். ஆனா நேரமாகும்"னுட்டாரு.

ஊர்க்கவுண்டர்: அதுக்குப் பன்னெண்டு வருசமா?

சென்றாயன்: வழி ஏத்தமுங்களே.

ஊர்க்கவுண்டர்: எவன்டா வெளிய சிரிக்கறது? பொணம் கெடக்குது இங்க!

சென்றாயன்: நடுவுல மழைக்கும் நின்னுருக்குமுங்க.

ஊர்க்கவுண்டர்: போதும். கேட்டீங்களாடா? படிச்ச டாக்டரு கண்ணாடி வெச்சுப் பாத்துச் சொன்னது. இதுக்கு மேல எவன் பேசறது? சின்னராசு, கடப்பாறைய எடு. நம்ம இடுகாட்டுலயே குழி. புள்ளைக்கு ஆட்டுப்பால் காச்சச் சொல்லுங்க. போங்க, எல்லாரும் போங்க.

சென்றாயன்: உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க...

ஊர்க்கவுண்டர்: கதவச் சாத்து.

சென்றாயன்: சாத்திட்டனுங்க.

ஊர்க்கவுண்டர்: அந்த டாக்டரு என்ற ஊட்டுலதான் தங்கியிருந்தாரு, சென்றாயா.

சென்றாயன்: அவரு உங்ககிட்டச் சொல்லிட்டாருங்களா?

ஊர்க்கவுண்டர்: எட்டு வருசமா இவள மலடின்னாங்க. நீயும் வாயத் தொறக்கல... நானுந் தொறக்கல. இப்ப மெதுவாச் சொல்லு. இவளுக்குக் கேட்டாப் போதும். அன்னிக்குக் கண்ணாடியில என்ன இருந்துது?

சென்றாயன்: ஒண்ணுமே இல்ல, பெருமாயி. வெறுந் தண்ணி.