பச்சையாகிப் போன மஞ்சள் நீர்

விழாத் தலைமையேற்று வீற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் சீனிவாசகம் அவர்களே, சிவகாசிச் சீமையின் சீர்மிகு பெரியோர்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, அவர்கள் நடுவே அமர்ந்து என்னையே முறைக்கும் என் இல்லத்தரசி அருணாதேவியே, அனைவருக்கும் சங்கிலிமுத்துவின் பணிவான வணக்கம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கும் விழாவில், கழிவுநீரைத் திறந்துவிட்டவனுக்கு எதற்கு மைக் என்கிறீர்களா? நியாயம்தான். குற்றவாளியே வாக்குமூலம் தருகிறேன், கேளுங்கள்.

சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து ஐந்து, பங்குனிப் பொங்கல். காலையில் மஞ்சள் நீராட்டு, மாலையில் ஊருணியில் முளைப்பாரி கரைப்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றேன். என் கொழுந்தியாள் வள்ளித்தாய், ஊருணித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, முறைக்காரி என்ற உரிமையோடு குடத்தை என் தலையில் கவிழ்த்தாள். மஞ்சளாக நனைந்தேனா? இல்லை ஐயா, பச்சையாக நனைந்தேன். வேட்டி பச்சை, சட்டை பச்சை, மீசையும் பச்சை.

வேறு ஊராக இருந்தால் பேய் பிசாசு என்றிருப்பார்கள். இது அச்சுத் தொழில் ஊர். மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சை என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நோட்டுக்குக் கோடு போடும் நீல மை யாருடைய கம்பெனியில்? அதைக் கழுவிய தண்ணீர் யாருடைய வாய்க்காலில்? ஊரே என்னைப் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன். அதுவும் நீலமாகவே இருந்தது.

"மஞ்சள் நான் கரைச்சது மச்சான். நீலம் நீங்க கரைச்சீக. இந்தத் தண்ணியில எங்க பாரியக் கரைக்க மாட்டோம்" என்றாள் வள்ளித்தாய்.

மாலையில் இருபத்தொரு முளைப்பாரி என் நோட்டுக் கம்பெனி வாசலில் வரிசையாக அமர்ந்தது. அம்மன் பாரியைத் தாண்டி ஆள் போகுமா? லோடு போகுமா? பள்ளிக்கூட சீசன் ஆர்டர் உள்ளே கிடக்க, டிரைவர் பெத்தணன் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, லாரிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

என்ன அண்ணாச்சி, சுவரேறிக் குதிக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? குதித்தேன். மூன்று நாள் குதித்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது.

மூன்றாம் நாள் வெட்கம் வந்தது. என் வீட்டுத் துணியும் வெளுக்கும் ஊருணியை நானல்லவா கெடுத்தேன்? தலைவரிடம் ஓடி, ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் கேட்டேன். இனி ஒரு சொட்டுச் சாயமும் விடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகே, பாரி பக்கத்தூர்க் கண்மாய்க்குப் புறப்பட்டது.

இன்று தெருச் சாக்கடையும் கம்பெனித் தண்ணீரும் இந்த நிலையத்துக்குள் வந்து, கசடு அடங்கி, மணலில் வடிந்து, கரியில் தெளிந்து ஊருணிக்குப் போகின்றன. சொன்னால் நம்புவீர்களா? என் பேச்சை நானே நம்பமாட்டேன். ஆகவே, இங்கு வடிந்த தண்ணீரில் வள்ளித்தாய் மஞ்சள் கரைத்த குடம் இதோ. வெள்ளைச் சட்டையோடு நான் இதோ. முறைக்காதே அருணா, இது அரசு விழா.

ஊற்று, வள்ளித்தாய்.

பாருங்கள் பெரியோர்களே, பாருங்கள் தாய்மார்களே! சட்டை மஞ்சள், வேட்டி மஞ்சள், மீசையும் மஞ்சள். கொஞ்சம் பொறுங்கள், வள்ளித்தாய் ஏதோ சொல்கிறாள். "இந்த வருசம் பாரி நம்ம ஊருணியிலதான் கரையும் மச்சான்" என்கிறாள்.

என் கன்னத்தில் வழிவது மஞ்சள் நீர் மட்டுமல்ல. ஈரம் சொட்டச் சொட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.