கூத்தாயி அரைச்ச சாந்து

கண்மாய்க் கரைக்குக் கல்லு பாவாத காலம். மதுரைக்குப் போகணும்னாலும் நடந்தே போயி நடந்தே வந்த காலம். அந்தக் காலத்துல உடைகுளம்னு ஒரு ஊரு. இதே ஊருதான். அந்த ஊர்ல கூத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எத்தன தலைமுறைக்கு முந்தின்னு என்னையக் கேக்காதீக. அவ மகன் வழியில வந்தவன் நான், அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

அவ சாந்து அரைக்கிறதுல பேரு போனவ. கறியைத் தணல்ல வாட்டுறோமே, அதுமேல தடவித் தடவி வாட்டுற சாந்து. இப்ப ஆளாளுக்கு ஒரு பக்குவம் வச்சிருக்கீக. மேலத்தெருவுல மாங்காயை அரைச்சுப் போடுறாக. கீழத்தெருக்காரிகளுக்குத் தக்காளி இல்லாம ஆகாது. போன கிடாவெட்டுல ஒரு மருமக டவுன்ல இருந்து பாட்டில்ல செவப்பா எதையோ கொண்டாந்து ஊத்துனா. அதையும் தின்னோம், என்ன செய்ய.

கூத்தாயி பக்குவம் வேற. நீட்டு வத்தலைத் தணல்ல போட்டுச் சுடுவாளாம். கருகக் கூடாது, கமறணும். முழுப்பூண்டைத் தோலோட சாம்பல்ல பொதைச்சு வைப்பாளாம். பழம்புளியைக் கரைக்க மாட்டாளாம், அதையும் சுட்டு அப்படியே அம்மியில வச்சு நசுக்குவாளாம். மிளகு, சீரகம், கொஞ்சம் எள்ளு. கருப்பட்டி ஒரு சில்லு. கடைசியா நல்லெண்ணெயை ஊத்தி வழிச்செடுத்தா சாந்து கருஞ்செவப்பா மினுங்குமாம். அவ அரைக்கையில கண்மாய்க்கு அந்தக் கரையில மாடு மேய்க்கிறவன் தும்முவானாம். கூத்தாயி சாந்து இருந்தா பழஞ்செருப்பையும் வாட்டித் தின்னுடலாம்னு ஊர்க்காரங்க கேலி பேசுவாகளாம். அவளும் சிரிச்சுக்கிருவாளாம். அந்தக் கேலிதான் பின்னால வெனையா வந்து நின்னுச்சு.

கேட்டுக்கங்க. கண்மாய்த் தண்ணி நமக்கும் செம்பொட்டலுக்கும் பொது. மழை பேஞ்ச வருசம் ரெண்டு ஊரும் மாமன் மச்சான். மழை இல்லாத வருசம் மடையில நின்னுக்கிட்டு உன் மூஞ்சி என் மூஞ்சின்னு பேச்சு. அப்படி ஒரு காஞ்ச வருசம். கூத்தாயி மகன் வழிவிட்டான் மடையைக் காத்துக்கிட்டு நிக்கிறான். கூத்தாயிக்குப் புருசன் இல்ல, இந்த ஒரே மகன்தான். செம்பொட்டல் பெரியவரு கருமலையானோட மூத்த மகன் வந்து மடையைத் தொறக்கப் போனான். வாய்ப் பேச்சு கைப்பேச்சாச்சு. வழிவிட்டான் மம்பட்டிக் காம்பால ஒரு அடி அடிச்சான். தலையில பட்டு அவன் அங்கயே போயிட்டான். வேணும்னு அடிச்சானா, கோவத்துல அடிச்சானா, இப்பப் பேசி என்ன ஆகப் போகுது.

உசுருக்கு உசுரு வேணும்னு செம்பொட்டல்ல நின்னாக. வழிவிட்டான் வீட்டை விட்டு வெளிய தலை காட்ட முடியல. கூத்தாயி வாசல்லயே உக்காந்து கெடந்தாளாம், என்னையத் தாண்டித்தான் உள்ள போகணும்னு. பாத்தாக ரெண்டு ஊருப் பெரியவுகளும். இது இப்படியே போனா ரெண்டு பக்கமும் ஆம்பள மிஞ்சாதுன்னு கூடிப் பேசி, கை நனைக்கிற விருந்து வைக்கிறதுன்னு முடிவு பண்ணுனாக. பகையாளி வீட்டுல வந்து கை நனைச்சுட்டா அதோட பகை இல்ல. அதுக்கப்புறம் கம்பைத் தூக்குனவனைச் சாமி கேக்கும்.

அந்த விருந்துக்குன்னு மொறை இருக்கு. கொலை செஞ்சவனோட ஆத்தா கையால சாந்து அரைக்கணும். அவன் தாய்மாமன் கிடா குடுக்கணும். அன்னைக்கு யாரு கண்ணுலயும் ரத்தம் படக்கூடாது, அருவா படக்கூடாது. அதனால கிடாயை ஆட்டுக்கிடையிலயே வெட்டிக் கறியாத்தான் கொண்டாரணும். வந்தவுக மட்டுந்தான் அன்னைக்குத் திங்கலாம். நம்ம ஆளுக எட்டாம் நாளு அவுக ஊருக்குப் போயி, அதே கிடாயோட ஒரு தொடையை உப்புக்கண்டம் போட்டுக் கொண்டுபோயிச் சேந்து திங்கணும். இதுதான் மொறை.

தாய்மாமன் யாரு? கூத்தாயி கூடப் பொறந்த தம்பி சாத்தையா. கீதாரி. ஆட்டுக்கிடை வச்சு ஊரு ஊரா மேய்ச்சவன். விருந்துக்குன்னு பெரிய கிடா ஒண்ணைத் தனியாக் கட்டித் தழை போட்டு வளத்தான். அது நெசம், இல்லைங்கல. ஆனா விருந்தன்னைக்கு விடியக்காலம் போயிப் பாத்தா அந்தக் கிடா செத்துக் கெடக்கு. மூக்குல கறுப்பு ரத்தம் வடிஞ்சிருக்கு. அடைப்பான். அந்தத் தொத்துநோவுல செத்த ஆட்டைத் தோலை உரிக்கக் கூடாது, ஆழக் குழி தோண்டிப் பொதைக்கணும்னு எந்தக் கீதாரிக்கும் தெரியும். இவனுக்கும் தெரியும்.

எனக்கு இந்த எடம் வந்தாக் கோவம் வந்துரும். கிடையில வேற கிடா இல்லையா? இருந்துச்சு. நல்ல கிடா, மணி கட்டுன கிடா, அது பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு நிக்குது. அதை வெட்ட மனசு வரல அவனுக்கு. ஒண்ணு போச்சே, இன்னொண்ணும் போகணுமான்னு நெனச்சான். அக்கா சாந்து தடவுனா எவனுக்கு என்ன தெரியப் போகுதுன்னு நெனச்சான். செத்ததை உரிச்சு, கூறு போட்டு, பனையோலைப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டு வந்துட்டான்.

கூத்தாயி பெட்டியைத் தொறந்தா. கறி கருத்திருக்கு. வாடை ஒரு மாதிரி அடிக்குது.

"தம்பி, இது வெட்டுன கறியா, செத்த கறியா?"

"வெட்டுனதுதான்க்கா. வெயில்ல தூக்கிட்டு வந்தேன்ல, அதான்."

அவ நம்புனா. தம்பியை நம்பாம வேற யாரை நம்புவா? அது மட்டுமில்ல, நம்பணும்னு அவளுக்கும் இருந்துச்சு. விருந்து நின்னா மகன் போயிருவான். செம்பொட்டல் ஆளுக கண்மாய்க் கரையேறி வந்துக்கிட்டு இருக்காக. அவ என்ன பண்ணுனா, பூண்டை ரெண்டு மடங்கு போட்டா. வத்தலை ரெண்டு மடங்கு போட்டா. புளியையும் கருப்பட்டியையும் கூடச் சேத்து, அம்மி சூடேற அரைச்சா. வெரலால தொட்டு நாக்குல வச்சுப் பாத்தா. அம்சமா இருந்துச்சாம். சாந்தைத்தான் ருசி பாத்தா. கறியைப் பாக்கல. அதுதான் அவ செஞ்ச தப்பு, வேறொண்ணும் இல்ல.

புளியங்கட்டைத் தணல்ல கறி வாடுச்சு. தடவுனா, திருப்புனா, தடவுனா, திருப்புனா. ஊரே மணந்துச்சு. செம்பொட்டல் ஆளுக மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்து உக்காந்தவுக, வாயில வச்சதும் மொகம் எளகிப் போச்சு. கருமலையானோட எளைய மகன், அண்ணனைப் பறிகுடுத்தவன், இன்னொரு துண்டு குடு ஆத்தான்னு கேட்டு வாங்கித் தின்னானாம். கூத்தாயிக்கு அழுகை வந்துருச்சாம் அந்த வார்த்தையைக் கேட்டு. பகை தீந்துச்சுன்னு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு எந்திரிச்சாக.

அன்னைக்கு ஒண்ணும் இல்ல. மறுநாளும் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் செம்பொட்டல்ல ஒவ்வொரு வீடா விழுந்துச்சு. வயிறு ஊதிக்கிச்சு, ரத்தமாப் போச்சு, காச்சல்ல பெனாத்துனாக. தின்னவுக பாதிப்பேரு செத்தாக. கருமலையானோட எளைய மகனும் செத்தான்.

நம்ம ஊர்ல ஒருத்தனுக்குத் தலைவலி கூட இல்ல. எப்படி இருக்கும், மொறைப்படி நம்மாளு எவனும் வாயில வைக்கலையே. செம்பொட்டலான் என்ன நெனப்பான்? கூப்பிட்டு வச்சுச் சாந்துல வெசத்தை அரைச்சுக் குடுத்துட்டாளேன்னுதான் நெனப்பான். நானா இருந்தாலும் அதைத்தான் நெனப்பேன்.

கூத்தாயிக்குச் சேதி வந்ததும் நேரா தம்பி கிடைக்கு ஓடுனா. கிடையோரத்துல செத்த ஆடுகளைக் குமிச்சுப் போட்டிருக்கு. சாத்தையா முழங்கைக்குக் கீழ கறுப்பா ஒரு புண்ணு, தீஞ்ச பொருக்கு மாதிரி. அடைப்பான் ஆட்டை உரிச்சவன் கையில வர்ற புண்ணு அது. அந்தப் புண்ணையே பாத்துக்கிட்டு நின்னாளாம். அவனா கால்ல விழுந்து சொன்னான். சொல்லிட்டு, அக்கா என்னையக் காட்டிக் குடுத்துராதன்னு அழுதான். அவ காலை உருவிக்கிட்டு வந்துட்டா.

வந்து பாத்தா, செம்பொட்டலே கண்மாய்க் கரையில நிக்குது. வேல்கம்பு, அருவா, பொம்பளைக ஒரு பக்கம். கருமலையான் முன்னால நிக்கிறாரு. அவரு பொஞ்சாதி செம்பாயி மண்ணுல உக்காந்திருக்கா. ரெண்டு புள்ளையையும் மண்ணுக்குக் குடுத்தவ. மகனை வெளிய அனுப்பு, இல்லாட்டி ஊரைக் கொளுத்துவோம்னாக. வழிவிட்டான் நான் போறேன்னு கெளம்பிட்டான். நம்ம ஆளுக அவனைப் பிடிச்சுக் கட்டி வச்சாக.

கூத்தாயி மிச்சம் இருந்த சாந்துச் சட்டியை ஒரு கையில எடுத்தா. உப்புக்கண்டம் போட்டுத் தொங்கவிட்டிருந்த தொடையை ஒரு கையில எடுத்தா. கரைக்கு நடந்தா. ஊரே பின்னால போச்சு. சாத்தையாவும் வந்து கூட்டத்துல நின்னான்.

"சாந்துல வெசம்னு சொல்றீக. பாருங்க"ன்னா. கையால வழிச்சு வழிச்சுத் தின்னா. வெறுஞ்சாந்து, அந்த ஒறைப்பு. கண்ணு ஒழுகுது, மூக்கு ஒழுகுது, நிறுத்தல. சட்டி காலியாச்சு. நாங்க காத்திருப்போம்னாரு கருமலையான். காத்திருந்தாக. ரெண்டு நாளு, மூணு நாளு, அங்கயே அந்தக் கரையிலயே ரெண்டு ஊரும் கெடந்துச்சுன்னு சொல்லுவாக. அவளுக்கு ஒண்ணும் ஆகல. வாயி வெந்ததோட சரி.

அப்புறந்தான் அவ பேசுனாளாம்.

"சாந்து கொல்லல. கறி கொன்னுச்சு. அது அடைப்பான்ல செத்த கிடா. வெறுங்கறியா வாட்டிக் குடுத்திருந்தா உங்க புள்ளைக மோந்து பாத்ததுமே துப்பியிருக்கும். துப்ப விடாமப் பண்ணுனது என் சாந்து."

"செத்த கிடாயைக் குடுத்தது உன் தம்பி"ன்னாரு கருமலையான்.

"தம்பி செத்ததுன்னு சொல்லித்தான் குடுத்தான். நல்ல கிடாவை வெட்டுறேன்னும் சொன்னான். நாந்தேன் வேணாம்னேன், சாந்து போட்டாத் தெரியாதுன்னேன். உசுருக்கு உசுருதானே கேக்குறீக. ஆக்குனவ உசுரை எடுத்துக்கங்க."

பொய்யி. தம்பிக்காகச் சொன்ன பொய்யி. அவன் அங்கதான் நிக்கிறான். வாயைத் தொறந்தானா? தொறக்கல. குனிஞ்சு மண்ணைப் பாத்துக்கிட்டு நின்னான்.

அவ அந்தத் தொடையை எடுத்தா. வேகாத, வாட்டாத, சாந்து தடவாத கறி. பல்லால பிச்சுப் பிச்சுத் தின்னா. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாக, ஒருத்தரும் கையைப் பிடிக்கல. எலும்பைக் கருமலையான் முன்னால வச்சுட்டு, கரை மேல இருந்த உடைமரத்தடியில போயி உக்காந்துட்டா.

நோவு வந்துச்சு. வீட்டுக்கு வர மாட்டேனுட்டா, இவுக கண்ணு முன்னாலயே போறேன்னுட்டா. வயிறு ஊதி அவ கெடந்து உருண்டப்ப செம்பாயிதான் எந்திரிச்சு வந்தாளாம். ரெண்டு மகனைப் பறிகுடுத்தவ. கூத்தாயி தலையைத் தூக்கி மடியில வச்சு, சேலை முந்தியைக் கண்மாய்த் தண்ணியில நனைச்சு வாயில பிழிஞ்சு விட்டாளாம். உசுரு அடங்குன பெறகு புருசனைப் பாத்துச் சொன்னாளாம்.

"போதும். எனக்கு ரெண்டு போச்சு. அவளுக்கு இருக்கிற ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

அதோட செம்பொட்டலான் கம்பைக் கீழ போட்டுட்டுப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் தூக்கல.

கருமாதி வந்துச்சு. பொறந்த வீட்டுக் கறிச்சோறு தம்பிதான் போடணும். சாத்தையா கிடா கொண்டாந்தான், இந்தத் தடவை உசுரோட. மணி கட்டுன அந்த நல்ல கிடா. பந்தியில நெலைகொள்ளாம நின்னவன், எல்லார் முன்னாலயும் ஒப்பாரி வச்சு நடந்ததைச் சொல்லிட்டான். அக்கா சொன்னது பொய்யி, நாந்தேன் அவளை ஏய்ச்சேன்னான்.

வழிவிட்டான் அருவா எடுப்பான்னு ஊரு நெனச்சுச்சு. எடுக்கல. கறியில ஒரு துண்டை உப்பில்லாம, சாந்தில்லாம தணல்ல வாட்டுனான். எலையில வச்சுக் கொண்டாந்து நீட்டுனான்.

"மாமா, மொத வாய் உங்களுக்கு."

சாத்தையா மென்னானாம், மென்னானாம், தொண்டையில எறங்கலையாம். எறங்குற வரைக்கும் வழிவிட்டான் எதுத்தாப்புலயே நின்னானாம். எறங்குன பெறகுதான் பந்தியில மத்தவுகளுக்குக் கறி விழுந்துச்சு.

அன்னையில இருந்து உடைகுளத்துல அதுதான் மொறை. மத்த ஊர்ல காதுகுத்துன்னாத் தாய்மாமனுக்கு மாலை, மேளம், வேட்டி, துண்டு. நம்ம ஊர்லயும் அதெல்லாம் உண்டு. ஆனா அதுக்கு முந்தி, அவன் கொண்டாந்த கிடாயில ஒரு துண்டை வெறுசா வாட்டி அவன் கையில குடுத்துருவாக. கோடீஸ்வரனா இருந்தாலும் சரி, ஊருக்கே பெரிய மனுசனா இருந்தாலும் சரி, நின்னுக்கிட்டே தின்னாகணும். கூடப் பொறந்தவ சாந்துச் சட்டியை மூடி இடுப்புல வச்சுக்கிட்டு எதுத்தாப்புல நிப்பா. அவன் மூஞ்சியைப் பாக்க மாட்டா, தொண்டையைத்தான் பாப்பா. அது ஒரு தடவை ஏறி எறங்குனாத்தான் மூடியைத் தொறப்பா.