வாசுகியின் இடது கால்

எங்கள் கிளினிக்குக்கு வருகிற பெண்கள் யாரும் எடுத்த எடுப்பில் வயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. காரை எங்கே நிறுத்தினார்கள், சிங்கப்பூர்ப் பாலத்தில் இன்றைக்கு எவ்வளவு நெரிசல், லிஃப்ட் ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பேசுவார்கள். நான் பேசவிடுவேன். ஒரு கட்டத்தில் பேச்சு நின்றுபோகும். அப்போது அவர்களாகவே சட்டையைத் தூக்கி, வயிற்றுச் சதையைக் கையில் பிடித்துக் காட்டுவார்கள்.

பத்து வருடமாக இதுதான் என் வேலை, இன்ஸ்பெக்டர். டாக்டர் ஓங்குக்குத் தமிழ் தெரியாது. வருகிற தமிழ்ப் பெண்களில் பலருக்கு மலாயும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். ஆனால் தங்கள் உடம்பைப் பற்றி அந்த மொழிகளில் பேச வராது. அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

வயிற்றைக் குறைக்க மூன்று வழிகளை விளக்குவேன். ஒன்று பழைய முறை. தோலுக்கடியில் மெல்லிய குழாயை விட்டு, டாக்டர் கைப்பலத்தால் முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார். பல நாள் கன்றிக் கறுத்திருக்கும். இரண்டாவது அல்ட்ராசவுண்ட் முறை. உப்புநீரோடு மருந்தைச் செலுத்தி, ஒலி அதிர்வால் கொழுப்பை இளக்கிவிட்டு, அதற்கப்புறம் எடுப்பது. முதுகு, இடுப்பு போன்ற கெட்டியான இடங்களுக்கு இது நல்லது. ரத்தச் சேதம் குறைவு. அதிர்வில் சூடு உண்டாகும் என்பதால் கை கவனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்துபோகும். மூன்றாவது, வயிற்றுத் தோலையே வெட்டித் தைப்பது. ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறி, தொங்குகிற தோலை அகற்றி, பிரசவத்தில் விலகிப்போன தசையை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். தழும்பு சாகும்வரை இருக்கும். காலில் ரத்தம் உறைகிற ஆபத்தும் மூன்றில் இதற்குத்தான் அதிகம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த ரூபினி என்ற பெண் ஒருமுறை பொறுமையிழந்து, "அக்கா, சுத்தி வளைக்காம சொல்லுங்கலா, எது பெஸ்ட்?" என்றாள்.

"தலையணையில பஞ்சு ஜாஸ்தியா இருந்தா பஞ்ச எடுக்கலாம்மா. உறையே தொளதொளன்னு இருந்தா, பஞ்ச எடுத்து என்ன ஆகப்போவுது? உறையத்தான் வெட்டித் தைக்கணும்."

"அப்ப என் வீட்டுக்காரரு சொன்னது சரிதான். நான் தலகாணியேதான்."

அன்றைக்கு டாக்டர் ஓங் கூட ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டுச் சிரித்தார். அவர் நல்ல மனிதர். எதையும் இரண்டு தடவை கேட்பார். அவர் மீது விசாரணை நடப்பதால்தான் நானாக உங்களைத் தேடி வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசுகி என் தம்பி ஹேமநாதனின் மனைவி. அம்மா சாகும்போது அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளாகச் சேர்ந்து அவனைப் படிக்க வைத்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நேரம் அப்படிப் போய்விட்டது. அவனுக்கு பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சொந்தத்தில் சொல்லி, மன்னார்குடியிலிருந்து வாசுகியைக் கட்டிவைத்தேன். தேர்ந்தெடுத்தது நான்தான். போட்டோவில் அவள் கண்கள் எனக்குப் பிடித்திருந்தன.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். அவளை ஊருக்கு அனுப்பினோம். ஐந்து மாதக் குழந்தை லோஷினியோடு திரும்பி வந்தாள். வந்த மறுநாள் ஒரு பிளாஸ்டிக் உறையை என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணி, இத எங்கயாச்சும் பத்திரமா வைங்க. பிள்ள பெத்தப்ப எனக்கு இடது கால்ல ரத்தம் கட்டிருச்சுல்ல, அந்தச் சீட்டு. இனிமே எந்த ஆபரேஷன்னாலும் இதக் காட்டணுமாம். நான் வச்சா தொலைச்சுப்புடுவேன்."

நான் தொலைக்கவில்லை. அலமாரியில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இப்போதும் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

கால் வீங்கும் என்பதால் அவளால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. மாத்திரை முடிகிறவரை லோஷினி என் அறையில் தூங்கினாள். மாத்திரை முடிந்த பிறகும் அங்கேயே தூங்கினாள். ஒரு குழந்தை நம் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கும்போது அதன் மூச்சு ஒரே இடத்தில் வந்து சுடும். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு அது கிடைத்தது.

போன வருடம் ஒரே மாதத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. கோத்தா திங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் வாசுகியின் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, "அடுத்ததா? எத்தன மாசம்?" என்று கேட்டாள். வாசுகியும் சிரித்தாள். காரில் வரும்போது முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றின் மேல் போட்டுக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது, ஹேமநாதன் தனிக்குடித்தனம் போக உலு திராமில் ஒரு வீடு பார்த்தான்.

"அரை மணி நேரந்தானேக்கா. லீவு நாளெல்லாம் வந்துருவோம்லா. வாசுவுக்கும் தனியா ஒரு சமையக்கட்டு வேணும்னு ஆசை."

"நல்லதுதாம்பா," என்றேன்.

உலு திராம் ஒன்றும் தொலைவில்லை. அதை நான் மறுக்கவே இல்லை. அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம் ஆனது. திரும்பி வந்து லோஷினிக்குச் சோறு ஊட்டினேன்.

வாசுகி போனில் பார்த்துவிட்டு அல்ட்ராசவுண்ட் முறையைப் பற்றிக் கேட்டாள். சின்னச் சின்னத் துளை, அன்றைக்கே வீடு, ஒரு வாரத்தில் பழைய வேலை. "அது போதும் அண்ணி எனக்கு," என்றாள். அவளைப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். தசை நடுவில் மூன்று விரல் விலகியிருந்தது, தோல் மடிந்து தொங்கியது. அல்ட்ராசவுண்ட் அவளுக்கு ஒன்றும் செய்திருக்காது. மற்ற எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். உறையை வெட்டித் தைத்தால்தான் சரியாகும், இடுப்பின் இரண்டு பக்கமும் வேண்டுமானால் கூடவே அல்ட்ராசவுண்டால் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்த டாக்டரைக் கேட்டாலும் அதையே சொல்வார்.

வெட்டித் தைக்கிற முறையில் ஆறு வாரத்துக்குக் குழந்தையைத் தூக்கக் கூடாது. வீடு மாற முடியாது. என் மனதில் இருந்தது அந்த ஆறு வாரம்தான். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஓங் அவளை முழுதாகச் சோதித்தார். நெஞ்சு, ரத்தம் எல்லாம். பிறகு என்னைப் பார்த்து, இதற்கு முன் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

வாசுகி ஒளிக்கவில்லை. "பிள்ள பெத்தப்ப இடது கால்ல கட்டிருச்சுன்னு சொல்லுங்க அண்ணி. ஆறு மாசம் மாத்திர சாப்பிட்டேன். அந்தச் சீட்டு உங்ககிட்டதானே இருக்கு?"

நான் டாக்டரிடம் திரும்பி, மாசமாக இருந்தபோது எல்லோருக்கும் போலக் கால் கொஞ்சம் வீங்கியதாம், அதற்கு ஆறு மாதம் சத்து மாத்திரை சாப்பிட்டாளாம் என்று சொன்னேன்.

டாக்டர் வழக்கம்போல இன்னொரு தடவை கேட்டார். நானும் இன்னொரு தடவை அதையே சொன்னேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். வாசுகி, தன் கதையைக் கேட்டுத்தான் அவர் தலையசைக்கிறார் என்று நினைத்து, "தேங்க்யூ டாக்டர்" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

அவருக்குத் தெரிந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்க மாட்டார். செய்திருந்தாலும் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டிருப்பார். இதில் அவர் தவறு எதுவுமில்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. நாலரை மணி நேரம். அன்று சாயங்காலமே நர்ஸ்கள் அவளைப் பிடித்து நடக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி. ஹேமநாதன் ஷிஃப்ட் முடிந்து களைத்திருந்தான். "நீங்களே படிச்சுச் சொல்லுங்கக்கா, உங்க வேலதானே," என்றான். பதினொரு வரிகளைப் படித்துச் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்ற வரியை விட்டுவிட்டேன்.

அது எப்படி யாருக்கும் தோன்றாமல் போனது என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் பெண்ணின் வயிற்றில் கத்தி பட்டால் அதைப் பிரசவம் மாதிரித்தான் பார்ப்போம். படுக்க வேண்டும், வயிற்றைக் கட்ட வேண்டும், பூண்டு ரசம், மிளகு, காலுக்குச் சூடான எண்ணெய். காற்றுப் படக் கூடாது, கால் தரையில் படக் கூடாது. அவளைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அங்கம்மா வந்து பார்த்துவிட்டு, "உங்கள மாரி நாத்தனாரு கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். எனக்கும் ஒருத்தி இருந்தா, பச்ச ஒடம்புக்காரின்னுகூடப் பாக்காம துணி தொவைக்கவிட்டா," என்றாள். வாசுகி படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலை. ஹேமநாதன் வேலைக்குப் போயிருந்தான். அங்கம்மா கதவருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, இடது கெண்டக்கால் இழுக்குது," என்றாள் வாசுகி. "போன தடவ மாதிரியே இருக்கு."

"படுத்தே கெடந்தா அப்படித்தாம்மா இருக்கும். எண்ண போட்டு விடுறேன்."

"ஆமா, நல்லா நீவி விடுங்க. ரத்தம் ஓடணும்லா," என்றாள் அங்கம்மா.

நான் பதினோரு வருடம் வார்டில் வேலை செய்தவள். அந்தக் கால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தொட்டேன். மற்றக் காலைவிடச் சூடாக இருந்தது. தோல் இறுகி மினுமினுத்தது. பாதத்தை மெல்ல மடக்கினேன், முகத்தைச் சுளித்தாள். இப்படி ஒரு காலைப் பார்த்தால் கையே வைக்கக் கூடாது, நீவினால் ரத்தக்கட்டி உடைந்து மேலே நுரையீரலுக்குப் போகும், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று என்னோடு வேலை செய்த புதுப் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எண்ணெய் பதமான சூட்டில் இருந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை, கீழிருந்து மேலாக, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி நீவினேன். அவசரப்படவில்லை. அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு, "போதும் அண்ணி, உங்க கை வலிக்கப்போவுது," என்றாள்.

"வலிக்கலம்மா," என்றேன்.

உள்ளே லோஷினி விழித்துக்கொண்டு, "அத்த" என்று அழுதாள். வாசுகி சிரித்தாள். "பாருங்க, உங்களத்தான் தேடுறா. போங்க." நான் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கினேன். திரும்பி வரும்போது வாசுகி இருமிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் கைவைத்து, ஏதோ கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். பதிவில் நேரம் இருக்கும். லோஷினியின் முகத்தை என் தோளில் திருப்பி வைத்துக்கொண்டேன், அவள் எதையும் பார்க்கவில்லை.

நான்தான் கொன்றேன். வேறு சொல் தேடிப் பார்த்தேன். மூன்று மொழி தெரிந்தும் கிடைக்கவில்லை.

ஹேமநாதன் சவப்பெட்டியருகே என் தோளில் சாய்ந்து, "நீங்க எவ்வளவு பண்ணீங்கக்கா அவளுக்கு," என்று அழுதான். பதினொரு வயதில் அழுத அதே மாதிரி, சத்தம் வராமல். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையில் எண்ணெய் வாடை இருப்பதாக எனக்கு மட்டும் தோன்றியது.

வாசுகியின் தாயார் செல்லம் மன்னார்குடியிலிருந்து வந்தார். காரியம் முடிந்த மறுநாள், பிள்ளையைத் தான் வளர்ப்பதாகச் சொன்னார். என் தம்பி ஒத்துக்கொண்டான். உலு திராம் வீட்டையும் வேண்டாமென்று சொல்லிவிட்டான். "அவ செத்த வீட்டுல என்னால மூச்சு விட முடியலக்கா. கொஞ்ச நாள் அங்கயே இருக்கேன். திரும்பி வருவனான்னு தெரியல." விமான நிலையத்தில் லோஷினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செல்லம் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதிலும் தவறில்லை, மகளைப் பறிகொடுத்தவர். நாற்பது நாள் ஆகிறது. போனில் கேட்டால் குழந்தை தூங்குகிறாள் என்கிறார்கள்.

யாரும் சந்தேகப்படாதபோது ஏன் வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். டாக்டர் ஓங்குக்காகத்தான். நிரபராதி ஒருவர் எனக்காகத் தண்டனை அனுபவிக்கக் கூடாது. காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? வழக்கு என்று வந்தால் என் தம்பி சாட்சி சொல்ல இங்கே வந்தாக வேண்டும், இல்லையா? வரும்போது லோஷினியையும் கூட்டிக்கொண்டுதான் வருவான். தாயில்லாப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் தனியாக விட்டுவிட்டு வர அவனுக்கு மனசு வராது.