வெறும் பிளாஸ்திரி

"அந்த வெள்ளை மாத்திரை இருக்குல்ல, அது குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களிடம்கூட நான் எரிந்து விழுந்ததில்லை ஐயா. இருபது வருடம் மருந்துக்கடையில் நின்றவள். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு எலும்பில் புற்றுநோய். வலிக்குக் கொடுத்தது ஃபென்டனில் பிளாஸ்திரி; மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியம். மருந்து தோலுக்கடியில் இறங்கித் தேங்கி, மெல்ல மெல்ல ரத்தத்தில் கலக்கும். மூன்று நாளைக்கு ஒன்று. வலி அடங்கியது. கூடவே மூச்சும் மெதுவானது, அந்த மருந்தின் குணம் அது. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவேன். அவர் பகலிலும் தூங்கிக்கொண்டே இருப்பார். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. என்னைக் கூப்பிட ஆளில்லை.

அதனால் கழற்றிவிட்டேன். அதே அளவில் வெறும் பிளாஸ்திரி வெட்டி ஒட்டினேன். மறுநாளே வலி திரும்பிவிட்டது. "எங்கயும் போயிடாதம்மா, பயமா இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பிடித்ததே இல்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று என் நாத்தனார் இப்போது அழுகிறாளாம். அழட்டும். பதினெட்டு நாள் கண் மூடாமல் கூட இருந்தது நான்தான்.

வீட்டுக்கு வரும் நர்ஸ், மருந்துக்கு வலி அடங்கவில்லையே என்று டாக்டரிடம் சொல்லி இரண்டு தடவை அளவை ஏற்றினார். நானும் தலையாட்டினேன்.

அன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணன் துடிக்கிறாரு அண்ணி. பெட்டியில இருந்த புதுசை நானே ஒட்டிட்டேன்" என்றாள். பெட்டியில் இருந்தது அசல், ஏற்றிய அளவு. மருந்துப் பழக்கம் விட்டுப்போன உடம்பு அதைத் தாங்காது. ஆனால் அது முழுதாக ஏற அரை நாளுக்கு மேல் ஆகும். உரித்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட நேரம் தாராளமாக இருந்தது. கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

ஆனாலும் சாயங்காலம் அவள் போனபின் உரிக்கத்தான் உட்கார்ந்தேன். ஒரு கையால் அவர் கையைப் பிடித்தபடி நகத்தால் ஓரத்தைத் தூக்கியும்விட்டேன். அவர் கண்ணைத் திறந்து சிரித்தார்.

"வலியே இல்லம்மா. நீ பாவம், கையை விடு. போய்த் தூங்கு."

அத்தனை நாள் பார்த்துக்கொண்ட என்னைப் போகச் சொன்னார். ஓரத்தை மறுபடி அழுத்திவிட்டு அடுத்த அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். விடிந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

அவர் சொன்ன சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை ஐயா.