பல்குச்சி செருகிய ரொட்டி

வீட்டில் சீஸ் பூண்டு ரொட்டி செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பூண்டை வதக்கிக் கெடுக்கிறார்கள். சற்று அதிகமாக வதங்கினாலும் கசந்துவிடும். முழுப் பூண்டைத் தோலோடு சுட்டு, பிதுக்கி எடுத்து, இளகிய வெண்ணெயில் உப்போடு பிசைய வேண்டும். நீள ரொட்டியை அடிவரை அறுக்காமல் வகிர்ந்து, ஒவ்வொரு வகிர்விலும் அதைத் தடவி, மேலே சீஸைத் துருவிப் போட்டு ஓவனில் வைத்தால் முடிந்தது. இதில் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆயுசு முழுக்க ஓட்டல் பேக்கரியில் மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மாப்பிள்ளைக்குப் பால் ஆகாது. வெண்ணெய், சீஸ், எதுவும் ஆகாது. ஆள் என்னவோ வாட்டசாட்டமாகத்தான் இருந்தான். எந்தக் கடைக்குப் போனாலும் இதில் பால் இருக்கிறதா, அதில் பால் இருக்கிறதா என்று கேட்டு எதிரில் நிற்பவன் உயிரை வாங்குவான். தப்பித்தவறிப் பால் உள்ளே போனால் உடனே போட்டுக்கொள்ள, ஊசி மருந்து வைத்த சிவப்புப் பை ஒன்று கூடவே வரும். எங்கள் வீட்டுக்கு வந்தால் அது சமையலறைக் கதவுக் கொக்கியில் தொங்கும். நாக்கு செத்த ஜென்மம். வேறென்ன சொல்ல.

அவன் சாப்பிடாததில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் மகளும் நிறுத்தினாள். தாயில்லாப் பிள்ளை, நான் சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தவள். போன வருஷம் ஒருநாள் நான் தட்டை நீட்டியபோது தள்ளி வைத்தாள்.

"அவர் பக்கத்துல உக்காந்து எப்படிப்பா சாப்பிடறது? நானும் விட்டுட்டேன்."

வெண்ணெயை விட்டுவிட்டாளாம். அவனுக்காக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூண்டு ரொட்டி என்றால் இரண்டு ரொட்டி, இரண்டு கிண்ணம். அவனுடையதில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். மேலே முந்திரியில் செய்த போலிச் சீஸ், சுவருக்கு அடிக்கத்தான் லாயக்கு. மாறிவிடாமல் இருக்க, அவன் ரொட்டியின் நுனியில் மகள் ஒரு பல்குச்சியைச் செருகிவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் செருகிவிட்டுத் தட்டு வைக்கப் போனாள். நான் குச்சி செருகிய ரொட்டிக்கு வெண்ணெயைத் தடவினேன். மேலே அவனுடைய முந்திரிச் சுண்ணாம்பையே போட்டேன். பூண்டு மணத்தில் வெண்ணெய் தெரியாது. குச்சியை நான் தொடவே இல்லை.

அவன் நடிக்கிறானா என்று பார்க்கத்தான் செய்தேன் என்று சொல்லலாமென்று முதலில் நினைத்தேன். அப்படியானால் சிவப்புப் பை எப்படி மைதா டின்னுக்குள் போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான்தான் வைத்தேன்.

அவன் நடிக்கவில்லை என்பது எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். மூன்று அடுக்கு கேக், என் கையால் செய்தது. ஒரு பொடியன் க்ரீம் ஒட்டிய விரலை அவன் வாயில் வைத்துவிட்டான். முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்தான். மண்டபமே ஆஸ்பத்திரிக்கு ஓடியது. நானும் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது கேக் இளகிச் சரிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. ஒருவர்கூட ஒரு துண்டு எடுக்கவில்லை. அதைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரொட்டியை அவனுக்கு நான் கொடுக்கவில்லை. குச்சியைப் பார்த்து, பிடுங்கி வைத்துவிட்டு, மகள்தான் பிய்த்துக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் மென்றுவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாமா, இன்னைக்கு என்ன பண்ணீங்க? இவ்வளவு நல்லா இருக்கே."

மூன்று வருஷத்தில் அவன் என் கைப்பக்குவத்தைப் பாராட்டியது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதற்குப் பிறகுதான் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். மகள் கொக்கியிடம் ஓடினாள்.

"அப்பா, பை எங்கப்பா? இங்கதானே மாட்டினேன்?"

நன்றாகப் பார், அங்கேதான் இருக்கும் என்றேன். அவள் பீரோவை, கட்டிலடியை, காரை எல்லாம் புரட்டினாள். ஓவனில் என் ரொட்டி கருகிவிடும் போலிருந்தது, எடுத்து வெளியே வைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் அடங்கிப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும்.

இதையெல்லாம் நீங்கள் கேட்டு நான் சொல்லவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். நேற்று என் மகள் உங்களிடம் வேறு கதை சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது, அவர் அடுப்புப் பக்கமே வரல, ரொட்டி முழுக்க நான்தான் செஞ்சேன், கிண்ணம் மாறிப்போச்சு என்று. நான் கைதவறிச் செய்துவிட்டதாக நினைத்து, என்னைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள், பைத்தியக்காரி. பெற்ற பெண் ஜெயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? அதனால்தான் வந்தேன்.

என் கை நடுங்கவில்லை, பாருங்கள். அவள் சொன்னதை அடித்துவிடுங்கள். அவன் கேட்டு வாங்கித் தின்ற ரொட்டி அது. அவளுக்கு அந்தப் பக்குவம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.