மூன்றாவது வரி

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், ஐயா. எனக்கு அது பிடிக்கும்.

தொண்ணூற்றைந்தில் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்குப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். எதுவானாலும் முதலாளி என்னைத்தான் கேட்பார். ஞானதுரை வந்த பிறகு கேட்கவில்லை. ஆலங்குளத்துப் பையன், கம்ப்யூட்டர் படித்தவன். "துரை, இங்க வாப்பா" என்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுப்பார். எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

மிஷினைப் போட்டதும் என்ன வேலை என்று கேட்கிற மெனு ஒன்று அமைக்க வேண்டியிருந்தது. அதில் எத்தனை வரி வைப்பது என்று பேச்சு வந்தது. ஐந்து வரியாவது வேண்டும் என்றேன் நான்.

"அம்புட்டு எதுக்கு அண்ணாச்சி? கணக்கு, டைப்பிங், ரெண்டு போதும். நாம அழுத்துற வரைக்கும் மிஷின் காத்துக் கெடக்கட்டும்" என்றான் ஞானதுரை.

"சங்கரலிங்கத்துக்கு எல்லாமே நீளமா இருக்கணும்" என்றார் முதலாளி. ஆபீசே சிரித்தது. ஞானதுரை மட்டும் சிரிக்காமல் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆயுத பூஜைக்கு மிஷினை அணைக்கும் முன், அவன் செய்த இரண்டு வரி மெனுவில் மூன்றாவது வரி ஒன்றைச் சேர்த்தேன். டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழிப்பது அதன் வேலை. கொஞ்ச நேரம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் மிஷின் தானாக அதை எடுத்துக்கொள்ளும். கணக்கை நகல் எடுத்து வைத்த ஃபிளாப்பிகளை முந்தின வாரமே அழித்திருந்தேன்.

விஜயதசமி காலையில் சந்தனம் குங்குமம் வைத்த மிஷினை முதலாளி போட்டுவிட்டுச் சூடம் ஏற்றினார். சூடம் காட்டி முடியும்வரை யாரும் தொடக்கூடாது. எங்கள் மில்லில் அப்படித்தான்.

"அண்ணாச்சி, மூணு வரி வருது" என்று ஞானதுரை கையை நீட்டினான். மணிக்கட்டைப் பிடித்தேன். "செத்த பொறு தம்பி. அவிய சூடம் காட்டட்டும்."

வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன். அடுத்தவர் சாமி காரியத்தில் தப்பு செய்துவிடக்கூடாதே என்று கையை இழுத்துக்கொண்டான்.

சம்பளக் கணக்கு, தீபாவளி போனஸ் கணக்கு எல்லாம் போயின. மெனு அவன் செய்தது. பணத்தைத் தின்றுவிட்டுக் கணக்கை அழித்தான் என்று பேசினார்கள். போலீசில் கொடுப்பதாக முதலாளி சொன்னார். அன்று சாயங்காலமே ஞானதுரை என் வீட்டுக்கு வந்தான்.

"நீங்க பக்கத்துல நின்னீங்கல்லா அண்ணாச்சி. நான் எதையும் தொடலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். மோர் கொடுத்தேன். மறுநாள் முதலாளி கேட்டபோது, நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். தேவதானம் பக்கம் ஒரு கிணற்றில் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள்.

அப்புறம் மெனுவை நானே அமைத்தேன். ஐந்து வரி. நான் ஓய்வுபெறும்வரை ஒருவரும் தடுமாறவில்லை. ஞானதுரை இருந்து பார்த்திருந்தால், நான் சொன்னதுதான் சரி என்று அவனே ஒப்புக்கொண்டிருப்பான்.